மிச்சத்துக்கு விட்ட இடம்

என் சின்ன மாமாவின் வலது கால் அவருக்கு முன்னமே சேமக்காலைக்குப் போய்விட்டது. வேதக்காரரின் இடுகாட்டை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். போனது முழங்காலுக்குக் கீழே உள்ள பாகம் மட்டும்தான். ஆனாலும் அது போன விதம் ஒரு முழு மனிதர் போகும் விதத்துக்குக் குறைந்ததல்ல. வெள்ளைத் துணி சுற்றி, பெட்டியில் வைத்து, பெட்டியை இருவர் தூக்க, பின்னால் ஆறேழு பேர் நடந்தோம். எனக்கு அப்போது பத்து வயது. செத்த வீட்டுக்கு அழுவதா, மாமா உயிரோடு இருப்பதால் சிரிப்பதா என்று தெரியாமல் நான் நடுவில் ஒரு முகத்தை வைத்துக்கொண்டு நடந்தேன்.

முல்லைத்தீவுக் கரையில் எங்களுடையது ஒரு சின்ன மீன்பிடி ஊர். கிழக்கே கடல், மேற்கே களப்பு என்கிற உப்பேரி, நடுவே கோயிலும் நாங்களும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. குண்டு போடும் பொம்பரின் சத்தம் கேட்டால் பங்கர்க் குழிக்குள் இறங்குவதும், அது போனதும் ஏறி வந்து விட்ட இடத்திலிருந்து சோற்றைத் தின்பதும் எங்களுக்குப் பழகியிருந்தன. தை மாதத்து விடியற்காலை ஒன்றில் மாமாவும் அப்பாவும் கரையில் வலை கழற்றிக்கொண்டிருந்தபோது கடற்பக்கமிருந்து ஒரு ஷெல் வந்து விழுந்தது. அப்பாவுக்கு வாய் நிறைய மண். மாமாவுக்குக் கால்.

உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போய் கரையிலிருந்து தள்ளி இருந்த ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காலை எடுக்கவேண்டியதாயிற்று. எடுத்த பிறகு அங்கே வேலை செய்த ஒருவர் வெளியே வந்து, "காலை என்ன செய்யிறது? எரிக்கட்டோ?" என்று கேட்டிருக்கிறார். அவர் கேட்டது பெரியம்மாவிடம். வேறு யாரிடமாவது கேட்டிருந்தால் இந்தக் கதையே நடந்திராது.

பெரியம்மா என் அம்மாவுக்கும் சின்ன மாமாவுக்கும் மூத்தவர். கலியாணம் கட்டவில்லை. தாய் தகப்பன் போன பிறகு மாமாவைத் தூக்கி வளர்த்தவர். கோயில் கூட்டுவது, செத்தவர்களைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றுவது, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பது எல்லாம் அவருடைய பொறுப்பு. விசுவாசப் பிரமாணத்தின் கடைசியில் 'சரீர உத்தானம்' என்று வரும். செத்தவர்கள் கடைசி நாளில் இதே உடம்போடு எழும்புவது என்று அதற்கு அர்த்தம். மற்றவர்களுக்கு அது ஆமென் சொல்வதற்கு முன்னால் வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போகிற சொல். பெரியம்மாவுக்கோ அது உலை வைப்பது போல அன்றாட விஷயம். என் பாற்பல் விழுந்தால் கூரையில் எறிய விடமாட்டார். ஒரு தைலத் தகரப் பேணிக்குள் போட்டு அலுமாரியில் பூட்டி வைப்பார். நான் விழுந்து முழங்காலை உரசிக்கொண்டு வந்தால் மருந்துக்கு முன்னால் ஏச்சுத்தான் கிடைக்கும்.

"இரவல் உடம்பெண்டு நினைச்சியோ? உதோடதானடி எழும்பப் போறாய்!"

அப்பாவுக்கு இதிலெல்லாம் ஒரு பகிடி. "அப்ப கடலில போனவை என்னெண்டு மச்சாள் எழும்புறது? அவையை மீன் திண்டு, மீனை நாங்கள் திண்டு..." என்று ஒருநாள் இழுத்தார். பெரியம்மா திரும்பியும் பார்க்கவில்லை. "கடல் தன்னட்டைக் கிடக்கிறதைத் தானே கொண்டுவந்து குடுக்கும். நீர் உம்மட பாட்டைப் பாரும்" என்றார். அப்பா அதோடு அடங்கிவிட்டார். அவருடைய தகப்பன் கடலில் போனவர்.

இப்படிப்பட்டவரிடம் போய் எரிக்கட்டோ என்று கேட்டால் என்ன நடக்கும்? ஒரு சவர்க்காரப் பெட்டியை எங்கேயோ தேடிப் பிடித்திருக்கிறார். பொருளாதாரத் தடை இருந்த அந்த நாட்களில் சவர்க்காரத்தைக் கண்ணால் காண முடியாது, பெட்டிகள்தான் மிஞ்சியிருந்தன. காலை அதற்குள் வைத்து அன்று பின்னேரமே ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பங்குச் சுவாமியார் பெட்டியைச் சுற்றிவந்து பார்த்தார். "காலுக்குப் பூசை வைக்கிற முறை ஒண்டும் என்னட்டை இல்லை அக்கா" என்றார். பிறகு பெரியம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தீர்த்தம் மட்டும் தெளித்துக் கொடுத்தார்.

எங்கள் சேமக்காலையில் பிணத்தைக் கால்மாடு கிழக்கே இருக்கத்தான் கிடத்துவார்கள். ஆண்டவர் கிழக்கிலிருந்து வருவார், எழும்பினால் நேரே அவரைப் பார்த்து நிற்கவேண்டும் என்று கணக்கு. பெரியம்மா அந்த முறை பிசகாமல் பாதம் கிழக்கே பார்க்கப் பெட்டியை இறக்குவித்தார். அதன் மேற்கே மாமாவின் மிச்ச உடம்புக்கு அளவாக இடம் விட்டு, சுற்றிவரக் கிளிஞ்சல் பதித்தார். கிழக்கு மூலையில் முழ நீளத்துக்கு ஒரு மண்கும்பி, மற்றது வெறும் மணல். "மச்சானுக்கு மட்டும்தான் இந்த ஊரில இடம் பிடிச்சுக் கிடக்கு" என்று அப்பா சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

மாசி பிறந்த பிறகு மாமா வீட்டுக்கு வந்தார். அப்பா காட்டுக்குப் போய்க் கவருள்ள தடி ஒன்று வெட்டி வந்து, கக்கத்துக்கு நோகாமல் பழஞ்சீலை சுற்றிக் கொடுத்தார். மாமா அதைத் தொடவில்லை. பக்கத்து அறையில் சுவரைப் பார்த்துப் படுத்தவர் படுத்தவர்தான். சோறு வைத்தால் வைத்தபடி இருக்கும். அதற்கு முன்பு அவர் இருக்கும் இடத்தில் சத்தம் இருக்கும், சிரிப்பு இருக்கும். என்னைத் தோளில் வைத்துக்கொண்டு கரை நெடுக ஓடியவர். இப்போது நான் கஞ்சி கொண்டுபோனால் அந்தக் கண் என்னைத் தாண்டி எதையோ பார்த்தது.

வீட்டில் எல்லாருக்கும் ஒரே பயம். இவன் உயிரை வைத்திருப்பானா என்பதுதான் அது. எனக்கு அது தெரியாது. அம்மா வலைக் கத்தியைக் கூரைக் கிடுகுக்குள் செருகி வைத்தார். முற்றத்தில் உடுப்புக் காயப்போடும் கொடிக்கயிற்றைக்கூட அவிழ்த்து எங்கேயோ ஒளித்துவிட்டார். உடுப்பெல்லாம் வேலியில் காய்ந்தது. ஏன் என்று கேட்டேன். "எலி அரிக்குது" என்றார். யாராவது ஒருவர் எப்போதும் மாமாவுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என் முறை. காவலுக்கு இருக்கிறேன் என்று தெரியாமலே காவல் இருந்தேன்.

என் பயம் வேறு. மத்தியானங்களில் மாமாவுக்கு அந்தக் கால் வலிக்கும். இருக்கிற கால் அல்ல, போன கால். முதலில் முனகுவார், பிறகு கத்துவார்.

"சின்ன விரல் மடங்கிப்போய்க் கிடக்கு. ஆராவது நிமித்தி விடுங்கோவன்! ஐயோ, நிமித்தி விடுங்கோவன்!"

அவர் கைநீட்டிக் காட்டும் இடத்தில் போர்வை தட்டையாக இருக்கும். அது நரம்பின் வேலை, கொஞ்ச நாளில் சரிவரும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ர பிள்ளை கிடந்து உத்தரிக்குது" என்பார். வேதனைப்படுவதை எங்கள் பக்கம் அப்படிச் சொல்வதுண்டு. ஆனால் ஞானோபதேசத்தில் உத்தரிக்கிற ஸ்தலம் என்று ஒன்றும் படித்திருந்தேன். செத்தவர்கள் மோட்சத்துக்குப் போவதற்கு முன்னால் வெந்து சுத்தமாகிற இடம். உத்தானம், உத்தரிக்கிறது என்று இரண்டும் என் தலைக்குள் ஒன்றாகக் கலக்க, நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். பாவசங்கீர்த்தனம் செய்து சுவாமியாரிடம் மன்னிப்பு வாங்காமல் செத்த கால் அது. முன்னுக்கே போய் உத்தரிக்கிற ஸ்தலத்தில் தனியாகக் கிடந்து வேகிறது, அந்த வேதனைதான் மாமாவுக்கு வருகிறது. உத்தரித்து முடிந்ததும் அது எழும்பும். எப்போது எழும்பும் என்பதுதான் கேள்வி.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நோன்பு நாட்களான தபசு காலம் நடந்துகொண்டிருந்தது. தேங்காய் துருவிக்கொண்டிருந்த பெரியம்மாவிடம் போய், உயிர்த்த ஞாயிற்றுக்கிழமையில் சேமக்காலையில் கிடப்பது எல்லாம் எழும்புமா என்று கேட்டேன். துருவலில் கவனமாக இருந்தவர் "ஓம் ஓம்" என்றார். அந்த இரண்டு ஓம் என் நித்திரையைக் கெடுத்தது. எழும்பினால் அது எங்கே போகும்? ஆண்டவர் வந்து நிற்பார், எல்லாரும் அவருக்குப் பின்னால் போவார்கள். ஆனால் ஒரு கால் மட்டும் என்ன செய்யும்? சொந்தக்காரரைத் தேடிக்கொண்டு வீட்டுக்குத்தான் வரும். ஒழுங்கை நெடுகத் தத்தித் தத்தி வந்து வேலிப் படலையில் நிற்கும். விரல் மடங்கிக் கிடப்பதால் நொண்டிக்கொண்டு வரும். படலையைத் திறக்கப்போவது யார்? வீட்டில் சின்ன வேலைகள் எல்லாம் என் தலையில்தான் விழும்.

பெரிய வியாழன் தொடங்கிக் கோயில் மணி அடிக்கமாட்டார்கள். மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டுவார்கள். டொக், டொக் என்று அந்தச் சத்தம் ஒழுங்கைக்குள் வரும்போதெல்லாம் நான் அம்மாவின் சீலைக்குள் போய் ஒட்டிக்கொண்டேன். ஆண்டவரின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கு வாசித்துக் கேட்டுப் பிள்ளைக்கு மனம் கலங்கிவிட்டது என்று அம்மா நினைத்து என் தலையைத் தடவினார். பெரிய வெள்ளி முழுக்க நான் உண்மையாகவே சாப்பிடவில்லை. பெரியம்மா மற்றப் பிள்ளைகளுக்கு என்னை உதாரணம் காட்டினார்.

பெரிய சனி மத்தியானம் ஒரு முடிவெடுத்தேன். எழும்பத்தான் போகிறது என்றால் விரல் நிமிர்ந்த காலாக எழும்பட்டும். மாமாவின் வலியும் போகும், அது நொண்டாமல் ஆண்டவருக்குப் பின்னாலேயே போய்விடும், எங்கள் ஒழுங்கைக்கு வராது. பொம்பருக்குப் பயந்து நடுச்சாமப் பூசையைப் பின்னேரமே வைக்கிற காலம் அது. அம்மாவும் பெரியம்மாவும் பீடம் சோடிக்கப் போய்விட்டார்கள். அப்பா கரையில். மாமாவுக்குப் பக்கத்தில் இருக்கச் சொல்லி என்னை விட்டிருந்தார்கள். எப்படித் தப்புவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மாமாவே என்னைக் கூப்பிட்டார். கிழமைக்கணக்கில் என் முகம் பாராதவர் அன்று நேரே பார்த்தார்.

"நீயும் கோயிலுக்குப் போ பிள்ளை. நான் படுக்கப் போறன்."

என் அதிர்ஷ்டத்தை என்னால் நம்ப முடியவில்லை. குசினிக்குள் போய் ஒரு சிரட்டையை எடுத்துச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு ஓடினேன்.

சேமக்காலைக்குப் போகும் வழியில் வேலிக்கு வெளியே ஒரு குழி இருந்தது. எங்கள் ஊர் அக்கா ஒருவர் அதற்குள் கிடந்தார். சிலுவை இல்லை, கிளிஞ்சல் இல்லை, நாயுண்ணிச் செடி படர்ந்து கிடந்தது. தன்னைத்தான் முடித்துக்கொண்டவர்களை உள்ளே வைப்பதில்லை என்று அப்போது ஊரில் ஒரு கட்டுப்பாடு. இன்றைக்கு அப்படியில்லை. அவர் எப்படிச் செத்தார் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. 'தானாப் போனவள்' என்பார்கள். தானாக என்றால் யாரும் தூக்காமல் நடந்து போனவர் என்று நான் விளங்கிக்கொண்டிருந்தேன். அப்படி நடந்து போனவரை ஏன் வெளியே வைத்தார்கள் என்பது மட்டும் விளங்கவில்லை. அந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தேன்.

உள்ளே ஒரு குருவியும் இல்லை. வெயில் மணலில் கொதித்தது. மண்கும்பிக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு, சிலுவை அடையாளம் போட்டு, சிரட்டையால் கிண்டத் தொடங்கினேன். கடற்கரை மணல், இலேசாக வந்தது. ஆனால் கிண்டக் கிண்ட என் கை மெதுவாகிக்கொண்டே போனது. பெட்டி தட்டுப்பட்டால் திறக்கவேண்டும், திறந்தால் தொடவேண்டும். தொட்டால் அது என் கையைப் பிடிக்குமா? காலால் பிடிக்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழங்கை ஆழம்கூட வந்திராது.

டொக்.

கோயில் கட்டையாக இருக்கும் என்று நினைத்தேன். திரும்பவும் டொக். அது கோயில் பக்கத்திலிருந்து வரவில்லை. சேமக்காலைப் படலையடியில் கல் பதித்த இடத்திலிருந்து வந்தது. ஒரு காலால் நடப்பவரின் சத்தம் அது. ஒரு டொக், பிறகு மணலில் ஒரு இழுவை. நேரத்தோடேயே எழும்பிவிட்டது, வெளியே எங்கோ போய்விட்டுத் திரும்பி வருகிறது, நான் கிண்டியது வெறும் பெட்டியை என்று நினைத்தேன். சட்டை நனைந்துவிட்டது என்பதைச் சொல்ல இன்றைக்கு எனக்கு வெட்கமில்லை. பக்கத்தில் இருந்த ஒரு பெரிய கல்லறைக்குப் பின்னால் போய்ச் சுருண்டேன்.

வந்தது மாமா. கவருள்ள தடியை ஊன்றிக்கொண்டு, வேர்வை ஒழுக, முதல் முறையாகத் தன் பாட்டில் நடந்து வந்திருந்தார். நான் கிண்டிய குழியை அவர் கவனிக்கவில்லை. கிளிஞ்சல் எல்லைக்குள் இறங்கி, தடியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, பெரியம்மா விட்டிருந்த அந்த வெறும் மணலில் மல்லாந்து படுத்தார். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு சாரத்துத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து எதையோ கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அலரிக்கொட்டை. வேலிகளில் நிற்கிற மஞ்சள் அலரியின் கொட்டை. எங்கள் பக்கம் உயிரை வெறுத்தவர்கள் கை வைப்பது அதில்தான் என்பதைப் பெரியவளான பிறகுதான் அறிந்தேன். அன்றைக்கு எனக்கு அது விளையாட்டுச் சாமான்.

என் கண்ணில் பட்டது வேறொன்று. மாமா சரியாகப் படுக்கவில்லை. அவருடைய முழங்காலுக்கும் மண்கும்பிக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருந்தது. நாளைக்கு எழும்பும்போது கால் எப்படி வந்து பொருந்தும்? எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, கொஞ்சம் கீழ இறங்கிப் படுங்கோ. கால் முட்டேல்லை."

அவர் போட்ட சத்தத்தில் கரையிலிருந்த கடற்காகங்கள் எழும்பிப் பறந்தன. எனக்கும் பயம், அவருக்கும் பயம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பேயைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தோம். கையைப் பொத்திக்கொண்டு, "நீ இஞ்ச என்னடி செய்யிறாய்?" என்றார். குழியைக் காட்டினேன். விரலை நிமிர்த்த வந்தேன், நாளைக்கு உயிர்ப்பல்லவா, அதற்குள் நிமிர்த்திவிட்டால் உங்களுக்கும் நோகாது என்று ஒரே மூச்சில் சொன்னேன். படலைக்கு வந்து நிற்குமோ என்று பயந்ததை மட்டும் சொல்லவில்லை.

மாமா குழியைப் பார்த்தார், சிரட்டையைப் பார்த்தார், மணல் அப்பிய என் கையைப் பார்த்தார். பேசாமல் இருந்தால் எனக்குப் பயம் கூடும் என்பதால் நானே பேசினேன். கண்ணை மூடிக்கொண்டு கடந்துவந்த குழி நினைவில் இருந்தது.

"மாமா, வேலிக்கு வெளியில கிடக்கிற அக்காவும் எழும்புவாவோ?"

"ம்."

"அவவின்ர அம்மா உள்ளுக்கெல்லோ கிடக்கிறா? எழும்பினாப் பிறகு ஆர் அவவுக்குப் படலை திறந்து விடுறது?"

மாமாவின் முகம் ஒரு மாதிரிக் கோணிக்கொண்டு போயிற்று. சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அழுதார். பெரிய ஆம்பிளை அப்படி அழுது நான் அதற்கு முன்பு கண்டதில்லை. நான் கேட்டது பிழை போலிருக்கிறது, வீட்டில் சொல்லி அடி வாங்கித் தரப்போகிறார் என்று எனக்கும் அழுகை வந்தது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தெரியாதடி பிள்ளை. உண்மையா எனக்குத் தெரியாது" என்றார். பொத்தின கையை ஓங்கி வேலிக்கு அங்காலே எறிந்தார். எனக்குத் தந்திருக்கலாமே என்று கேட்டேன், எறிந்து பிடிக்கும் கொக்கான் விளையாட்டுக்கு உதவியிருக்கும். மாமா கையை மணலில் போட்டுத் திரும்பத் திரும்பத் தேய்த்தார்.

குழியை மூடச் சொன்னார். விரல் இன்னும் நிமிர்த்தவில்லையே என்றேன். "நிமிந்திட்டுது. நீ கிண்டேக்கையே நிமிந்திட்டுது. இப்ப நோகேல்லை" என்றார். நான் அதை அப்படியே நம்பினேன். என் கையில் ஏதோ வரம் இருப்பதாகக்கூட எண்ணினேன். பல வருடங்கள் கழித்து, அவருக்குப் பொய்க்கால் பூட்டி, கலியாணமாகி, இயந்திரம் திருத்தும் கடை வைத்து, இரண்டு பெண்பிள்ளைகளும் பிறந்த பிறகு, ஒருநாள் அந்தச் சனிக்கிழமையைப் பற்றிக் கேட்டேன். "காலும் உன்ர பெரியம்மாவும் உள்ளுக்கு, நான் வெளியில எண்டு வந்திடும் போல கிடந்துது. அதுதான் எழும்பி வந்தனான்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது என்னிடம் ஒரு வாக்குக் கேட்டார். சேமக்காலைக்குப் போனதைச் சொல்லலாம், கிண்டியதைச் சொல்லலாம், அலரிக்கொட்டையைப் பற்றி மட்டும் பெரியம்மாவிடம் மூச்சுக் காட்டக்கூடாது. ஏன் என்றேன்.

"பெரியம்மாவுக்கு அலரிக்கொட்டை எண்டால் பயம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிணத்துக்குப் பயமில்லை, பொம்பருக்குப் பயமில்லை, சுவாமியாருக்கே பயமில்லை. ஒரு கொட்டைக்குப் போய்ப் பயமா? ஆளுக்கு ஏதாவது ஒரு பயம் இருக்கும்தானே என்று மாமா சொன்னார். அது எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது.

அன்று பின்னேரப் பூசைக்கு மாமா தடியை ஊன்றிக்கொண்டு வந்து கடைசி வாங்குப் பலகையில் இருந்தார். மணி திரும்ப அடித்தபோது பெரியம்மா பீடத்தைப் பார்க்காமல் பின்னால் திரும்பித் திரும்பி அவரையே பார்த்தார். அந்தச் சந்தோஷத்திலும் என் நகக்கண்ணில் இருந்த மண்ணும் சட்டையின் கோலமும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. உயிர்ப்புப் பூசைக்கு வருகிற கோலமா இது என்று எல்லாப் பிள்ளைகளும் பார்க்க என் தலையில் ஒரு குட்டு வைத்தார். விரலை நிமிர்த்தி வைத்தவளுக்குக் கிடைத்த மரியாதை அது. ஞாயிறு கழிந்தது, எந்தக் காலும் ஒழுங்கைக்குள் வரவில்லை, என் பயம் போயிற்று. பயம் போன இடத்தில் அந்தக் குட்டின் நினைவு வந்து குந்தியது.

திங்கட்கிழமை மத்தியானம் பள்ளிக்கூட வேலியில் கை நிறைய அலரிக்கொட்டை பொறுக்கிக்கொண்டு வந்தேன். பெரியம்மா சாப்பிட்டுக் கை கழுவப் போயிருந்தார். அவருடைய செபப்புத்தகம் சின்ன மேசையில் இருந்தது. அதன் மேல் கொட்டைகளைக் குவித்து வைத்துவிட்டு அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்தேன். அவர் போடப்போகும் சத்தத்தை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

பெரியம்மா வந்தார். கண்டார். சத்தம் போடவில்லை. கொட்டைகளை ஒரு கையில் அள்ளிப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பிறகும் காணவில்லை. அடுத்த கணம் கதிரையைத் தள்ளி விழுத்திக்கொண்டு மாமாவின் அறைக்குள் ஓடினார். மாமா ஆழ்ந்த நித்திரையில் இருந்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு அப்போதுதான் அவருக்கு அப்படி ஒரு நித்திரை வந்திருந்தது. பெரியம்மா அவர் மேல் விழுந்து, தாடையைப் பிளந்து, வாய்க்குள் விரலை விட்டார்.

"துப்படா! தம்பி துப்படா! என்ர குஞ்சு, துப்பிப் போடடா!"

குசினியிலிருந்து அம்மா அகப்பையோடு ஓடி வந்தார். மாமா திக்குமுக்காடி விழித்து, பெரியம்மாவின் விரலைக் கடித்து, அவரைத் தள்ளிவிட்டு எழும்பி உட்கார்ந்தார். பெரியம்மா மூச்சு வாங்க மற்றக் கையை விரித்துக் காட்டினார். மாமா அந்தக் கொட்டைகளைப் பார்த்தார்.

"எறிஞ்சிட்டனக்கா! சனிக்கிழமையே எல்லாத்தையும் எறிஞ்சிட்டன்!"

அம்மாவின் கையிலிருந்து அகப்பை விழுந்தது. அவர் வாசற்படியில் அப்படியே இருந்துவிட்டார். பெரியம்மா மாமாவின் மிஞ்சியிருந்த காலைப் பிடித்து, அந்தப் பாதத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, ஊர் கேட்கக் குழறினார். கடிபட்ட விரலிலிருந்து இரத்தம் வந்தது, அதை யாரும் பார்க்கவில்லை. நான் அலுமாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, "பகிடிக்கு நான்தான் வைச்சனான்" என்று சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன். அடி விழும் என்று தோளைச் சுருக்கிக்கொண்டு நின்றேன். யாரும் அடிக்கவில்லை. யாரும் ஏசவில்லை. அம்மா என்னை இழுத்து மடியில் போட்டு இறுக்கிக்கொண்டு அழுதார், மூச்சு முட்டியது. அன்றைக்கு எனக்கு அதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய பயமாக இருந்தது.

பெரியம்மாவுக்கு அலரிக்கொட்டை என்றால் பயம் என்று மாமா சொன்னது உண்மைதான் என்று அந்த மடியில் கிடந்துகொண்டு நினைத்தேன். இவ்வளவு பயம் என்று அவர் முன்னமே சொல்லியிருந்தால் நான் ஒரேயொரு கொட்டை மட்டும்தான் வைத்திருப்பேன்.